சஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பிலுள்ள சாஹேல் நாடுகளுக்குப் போன உதவிப் பணம் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

பொருநைவாசி எழுதியது:

2023 ஜூலை 26 அன்று நைஜரின் அதிபர் முகமது பாசூமை, அவரைக் காக்க வேண்டிய மெய்க்காவல் படையினரே சிறைபிடித்தனர். அதற்கு முன் மாலியில் 2020, 2021 ஆண்டுகளிலும், புர்கினா ஃபாசோவில் 2022ஆம் ஆண்டில் இரண்டு முறையும் இராணுவம் ஆட்சியைப் பறித்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்த மூன்று நாடுகளில் ஐந்து ஆட்சிக்கவிழ்ப்புகள் நடந்துவிட்டதால், மக்களாட்சியை வளர்க்கவும் தீவிரவாதத்தைத் தடுக்கவும் மேலை நாடுகள் அங்கே கொடுத்த பணம் முழுவதும் ஆற்றில் கரைத்த புளி என்று பலரும் முடிவு கட்டிவிட்டனர். 2025 ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு நிறுவனமே மூடப்பட்டபோது, போனால் போகட்டும் என்ற குரல்தான் ஓங்கி ஒலித்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உதவி தோற்றது உண்மை. ஆனால் அது துப்பாக்கி பிடித்தவனுக்கு வாரிக் கொடுத்து, வழக்கைக் கேட்க வேண்டியவனுக்குக் கிள்ளிக் கொடுத்ததனால் தோற்றது.

கரிசல்மண் எழுதியது:

ஐயா, அளவு மாறியிருந்தால் விளைவு மாறியிருக்கும் என்கிறீர்கள். கொடுத்தவர்கள் யாரை வளர்த்தார்கள் என்பதைப் பாருங்கள். 2012இல் மாலி அரசைக் கவிழ்த்த கேப்டன் அமடூ சனோகோ அமெரிக்காவில் பலமுறை பயிற்சி பெற்றவர். 2023இல் நைஜர் ஆட்சிக்கவிழ்ப்பில் பங்கேற்ற தளபதி மூசா சலாவூ பார்மூவும் அங்கே பயின்றவரே. நைஜரின் அகதேஸ் நகருக்கு அருகே நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவிட்டுக் கட்டிய ஆளில்லா விமானத் தளத்தை, 2024இல் அமெரிக்கப் படைகள் விட்டுவிட்டுப் புறப்பட நேர்ந்தது.

இதைவிட ஆழமான பிழை ஒன்று உண்டு. நைஜர் அரசின் ஆண்டு வரவு செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் வெளியுதவியாக வந்துகொண்டிருந்தது. வரி கொடுக்கும் குடிமகனிடம் கணக்குக் காட்ட வேண்டிய அரசு, பணம் கொடுக்கும் தூதரகத்திடம் கணக்குக் காட்டப் பழகிவிட்டால், அங்கே நடக்கும் தேர்தல் யாருக்காக? பாசூம் சிறைப்பட்ட அடுத்த சில நாட்களில் தலைநகர் நியாமேயின் தெருக்களில் திரண்ட கூட்டம் அவருக்காக அழவில்லை. பிரெஞ்சுத் தூதரக வாயிலைத்தான் முற்றுகையிட்டது.

பொருநைவாசி எழுதியது:

நீங்கள் சொன்ன இரண்டு தளபதிகளும் என் வாதத்துக்குத்தான் சான்றாகிறார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ 2,200 பேரிடம் பேசியிருந்தார்கள், அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள். விருப்பத்தோடு சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் வேலையின்மையை முதற்காரணமாகச் சொன்னார்கள். மதக் கொள்கையைச் சொன்னவர்கள் 17 சதவீதமே. பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள், குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிதான் தங்களைத் தள்ளியது என்றார்கள். அந்த நிகழ்ச்சி எது என்று கேட்டபோது, அவர்களில் 71 சதவீதத்தினர் மனித உரிமை மீறலைச் சுட்டினார்கள். பெரும்பாலும் அரசுப் படைகளே செய்த மீறல் அது. அப்பனையோ அண்ணனையோ கண்ணெதிரே இழுத்துக்கொண்டு போன சிப்பாய்க்கு மேலும் ஒரு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைத் தீவிரவாதத் தடுப்பு என்று எப்படி அழைக்க முடியும்?

நெடுவழி எழுதியது:

மின்கம்பி வேலைக்காக நைஜரின் மேற்கே தில்லாபெரிப் பகுதியில் இரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் வண்டியோட்டி ஜெர்மா மொழிக்காரர். அவருடைய ஊரில் ஒரு ஃபுலானி மேய்ப்பரின் மாடுகள் கம்புப் பயிரில் இறங்கிவிட்டன. மேய்ச்சல் வழித்தடத்தின் மேலேயே விதைத்துவிட்டு மாட்டைக் குறை சொல்கிறார்கள் என்பது மேய்ப்பரின் கட்சி. இத்தகைய பூசல்களைத் தவிர்க்கத்தான் 1993ஆம் ஆண்டின் ஊரகச் சட்டத்தின்கீழ் பின்னாளில் ஊர்மட்டம் வரை நில ஆணையங்கள் அமைக்கப்பட்டன. அந்த ஊர் ஆணையத்திடம் பதிவேடும் இல்லை, எல்லைக் கல் நடக் காசும் இல்லை. நீதிமன்றத்துக்கு ஒரு நாள் பயணம். வழியில் உள்ள சோதனைச் சாவடிகளில் கைநீட்டாத ஆள் கிடையாது. மாடுகள் பிடிபட்ட மூன்றாம் நாள் மாலை, மோட்டார் சைக்கிளில் தலைப்பாகை கட்டிய ஆயுதக் குழுவினர் நால்வர் வந்து, இரு தரப்பையும் உட்கார வைத்து, பொழுது சாய்வதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் தகராறு என்றால் யாரைத் தேடினார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே பகுதியில் அமைதிக்கான பயிலரங்கு ஒன்றும் நடந்தது. நகரத்து விடுதியில், நாள்படியும் மதிய உணவும் கொடுத்து நடத்தினார்கள்; வந்தவர்களில் பாதிப் பேர் அலுவலர்களின் உறவினர்கள், மேய்ப்பர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அதே நிதியில் ஓர் ஊர் வானொலியும் ஓடியது. ஜெர்மாவிலும் ஃபுலானிகளின் மொழியான ஃபுல்ஃபுல்தேயிலும் காணாமற்போன மாடுகளின் நிறத்தையும் சூட்டுக்குறியையும் அறிவிப்பார்கள், பிறகு ஊர்ப் பெரியவர்கள் வழித்தடங்களைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வண்டியோட்டி அந்த நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

கரிசல்மண் எழுதியது:

நெடுவழி அவர்களின் அனுபவம் என்னைச் சிந்திக்க வைக்கிறது. பயிலரங்கு பற்றிச் சொன்னது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் செனகலைப் பாருங்கள். 2024 பிப்ரவரியில் அதிபர் மாக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தபோது, அதைச் செல்லாதென்று அறிவித்தது அந்த நாட்டின் அரசமைப்பு மன்றமே. தெருவில் நின்றது அந்த நாட்டு இளைஞர்களே. தேர்தலுக்குப் பத்து நாட்களுக்கு முன் சிறையிலிருந்து வெளிவந்த பசிரூ ஜொமாய் ஃபாய், மார்ச் 24 அன்று முதல் சுற்றிலேயே 54 சதவீத வாக்குகளோடு வென்றார். எந்த நன்கொடை நாட்டின் திட்ட அறிக்கையிலும் இந்த வரி எழுதப்பட்டிருக்கவில்லை. மக்களாட்சி அந்த மண்ணில் வேர்விட்டு வந்தால் நிற்கும். தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் தண்ணீர் ஊற்றுகிறவர் போனதும் வாடிவிடும்.

பொருநைவாசி எழுதியது:

செனகலின் அரசமைப்பு மன்றத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பல பத்தாண்டு வாழ்வு உண்டு. அத்தகைய வேர் இல்லாத இடத்தில் கொல்லப்படுகிறவன் என்ன செய்வான்? 2022 மார்ச் இறுதியில், மாலியின் மூரா என்ற ஊரில் சந்தை நாளன்று ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. மாலிப் படையினரும் அவர்களோடு வந்த வெளிநாட்டு ஆயுததாரிகளும் ஐந்து நாட்களில் குறைந்தது 500 பேரைக் கொன்றனர் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கை 2023 மே மாதம் சொல்லியது. ஊருக்குள் செல்ல அனுமதி கிடைக்காத நிலையிலும், உயிர்தப்பியவர்களைத் தேடிப்பிடித்துப் பேசித்தான் அந்தக் கணக்கை எடுத்தார்கள். அடுத்த மாதமே மாலி அரசு ஐ.நா. படை முழுவதும் வெளியேற வேண்டும் என்றது. ஆண்டு இறுதிக்குள் அது வெளியேறியது. வெளிநாட்டுப் பணம் இல்லையென்றால் மூரா என்ற பெயரே நம் காதில் விழுந்திருக்காது. இறந்தவர்களை எண்ணுவதற்கும்கூட வெளியார் வேண்டாம் என்பீர்களா?

கரிசல்மண் எழுதியது:

எண்ணுவதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பணம் கொடுக்கட்டும், அதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். நான் மறுப்பது அரசுகளின் கையில் கொடுப்பதை. அமெரிக்கா 2019இல் இயற்றிய சட்டத்தின்கீழ், தீவிரவாதம் கடற்கரை நோக்கிப் பரவாமல் தடுக்க பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட், கினியா ஆகிய ஐந்து நாடுகளை 2022இல் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றுள் கினியாவில் 2021 செப்டம்பரிலேயே இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது.

நெடுவழி அவர்களிடம் ஒரு கேள்வி: அந்த வானொலி இப்போது ஓடுகிறதா?

நெடுவழி எழுதியது:

வண்டியோட்டியிடம் கேட்டேன். நிதி நின்ற பிறகு மாலை நிகழ்ச்சி இல்லை. வழித்தடங்களைப் பற்றிப் பேச வந்த பெரியவர்களும் வருவதில்லை. மாட்டு அறிவிப்பு மட்டும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறது. ஜெனரேட்டருக்கான டீசலை மேய்ப்பர்களும் விவசாயிகளும் முறைவைத்து வாங்கிக் கொடுக்கிறார்களாம். சென்ற வாரம் தங்களுடைய முறை என்று வண்டியோட்டி சொன்னார்.