வெள்ளிக்கிழமை இறால் பிரியாணி: சுத்தபோசனமா, ஏமாற்று வேலையா?

ஓஎம்ஆர் அந்தோணி (வெள்ளி, மாலை 4.10)

இன்று மதியம் நடந்ததைச் சொல்கிறேன். டீமில் ஒருவருக்குப் பதவி உயர்வு, அவர் செலவில் எல்லோருக்கும் பிரியாணி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் வெள்ளி, எங்கள் கத்தோலிக்கச் சட்டப்படி கறி விலக்கு என்பது நினைவுக்கு வரவே, எல்லோரும் சிக்கன் சொன்னபோது நான் மட்டும் இறால் சொன்னேன். சிக்கனைவிட 120 ரூபாய் அதிகம். பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்து சீட் நண்பன், "இன்னைக்கு உனக்குக் கறி கிடையாதே, இது என்ன?" என்றான். "இறால் கறியில சேராது" என்றேன். "ஓ" என்றான், அவ்வளவுதான். கிண்டல் பண்ணியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதிலிருந்து ஒரே யோசனை. 120 ரூபாய் அதிகம் கொடுத்து, சிக்கனைவிட ருசியான ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, தவம் செய்ததாகக் கணக்கு எழுதுவது என்ன நியாயம்? இந்தச் சட்டத்துக்கு இன்று உயிர் இல்லை என்பது என் கருத்து. யார் மனதையும் நோகடிக்காமல், பொய் சொல்லாமல், லஞ்சம் கொடுக்காமல் இருந்தால் போதும். தட்டில் என்ன இருக்கிறது என்று கடவுள் எட்டிப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்? மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

முத்துநகர் வாத்தியார் (வெள்ளி, மாலை 5.25)

தம்பி, சட்டத்தில் இருந்த ஓட்டையைத் தேடிப் பிடித்தது நீங்கள். அதற்குச் சட்டத்தைக் குறை சொல்கிறீர்கள்.

எங்கள் காலத்து ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்வி வகுப்பில், இரண்டு சொல் உண்டு. சுத்தபோசனம் என்றால் மாமிசம் கிடையாது. ஒருசந்தி என்றால் ஒரே ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் ஏதோ கொஞ்சம். 1966ல் பாப்பரசர் ஆறாம் பவுல் இந்த ஒழுங்குகளை வெகுவாகத் தளர்த்தினார். 1983 திருச்சபைச் சட்டத்தில் 1251ஆம் பிரிவைப் பாருங்கள்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும், ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளியும் ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும்; மற்ற வெள்ளிகளில் மாமிசம் விலக்கு. அதையும் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ள அந்தந்த நாட்டு ஆயர் (பிஷப்) பேரவைகளுக்கு உரிமை உண்டு. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து அறுபதாவது வயது தொடங்கும்வரைதான். எனக்கு 71, சட்டப்படி ஒருசந்தி எனக்குக் கிடையாது. ஆனாலும் இருக்கிறேன்.

முட்டை, பால்கூட ஒரு காலத்தில் விலக்காக இருந்தவை. இன்று மிச்சம் இருப்பது இந்தச் சின்ன விஷயம்தான். இதையே "உயிர் இல்லை" என்று தள்ளிவிட்டு, "நல்லவனாக இருந்தால் போதும்" என்கிறீர்கள். நல்லவனாக இருப்பதற்குப் பயிற்சி எங்கே? கையில் இருக்கும் பிரியாணியை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவன், மேசைக்கு அடியில் நீட்டுகிற கவரை மட்டும் எப்படி வேண்டாம் என்பான்? மட்டசனம், அதாவது அளவாகச் சாப்பிடுவது, என்று பழைய புத்தகங்களில் ஒரு புண்ணியத்தைச் சொல்வார்கள். போசனப்பிரியம் என்கிற தலையான பாவத்துக்கு அதுதான் மருந்து. வீட்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து சீட் பாலா (வெள்ளி, மாலை 6.02)

அந்த "ஓ" சொன்னது நான்தான், லிங்க்கை அவனே அனுப்பினான். நான் கத்தோலிக்கன் இல்லை, அதனால் ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது. முட்டை போட்ட கேக்கைக்கூட அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் நான் சாப்பிடுகிற பன்னீருக்கும் நெய் மசால்தோசைக்கும் கணக்கே இல்லை, எடை கூடிவிடும். அதனால் அந்தோணியைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. இறால் மீன் வகையா பூச்சி வகையா என்ற சந்தேகத்தில்தான் "ஓ" என்றேன்.

ஓஎம்ஆர் அந்தோணி (வெள்ளி, மாலை 6.40)

வாத்தியார் ஐயா, நீங்கள் தூத்துக்குடி. தினமும் குழம்பில் மீன் கிடக்கும் ஊர். சாளையும் நெத்திலியும் இல்லாத நாளே உங்களுக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி விலக்கு என்றால் உங்கள் ஊரில் அது யாருக்கு வலிக்கும்? ஐரோப்பாவில் இறைச்சி விருந்துச் சாப்பாடாக இருந்த காலத்தில் போட்ட ஒழுங்கு இது. கடற்கரைக்காரனுக்குத் தவம் என்றால் மீனைத்தான் விட வேண்டும்.

பயிற்சி என்கிறீர்கள். நாற்பது வருடம் ஒருசந்தி இருந்தவர்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்! சிலுவைப்பாதைச் செபத்தில் பதினான்கு ஸ்தலமும் முழங்கால் போட்டுவிட்டு, கோவில் வாசலிலேயே அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. பைபிளில் எசாயா 58ஆம் அதிகாரத்தில் கடவுளே கேட்கிறாரே, நோன்பிருக்கும் நாளில் உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்களே என்று. நான் சொல்வதும் அதுதான்.

குவைத் நர்ஸ் (சனி, காலை 9.15)

இரவுப்பணி முடித்து வந்து படித்தேன். இங்கே வெள்ளிதான் வார விடுமுறை, ஞாயிறு திருப்பலியையே வெள்ளியன்று வைக்கிறார்கள். அதனால் எனக்கு வெள்ளி என்றால் தவமும் திருநாளும் கலந்துகட்டித்தான் இருக்கும்.

இரண்டு பேரிடமும் எனக்கு ஒரு வருத்தம். வாத்தியார் ஐயா தட்டையே பார்க்கிறார். அந்தோணி தம்பி தட்டைப் பார்க்கவே கூடாது என்கிறார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற வார்டில் என்னால் ஒருசந்தி இருக்க முடியாது. மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருக்கும் நோயாளிக்குத்தான் ஆபத்து. அதற்காக ஒன்றுமே செய்யாமலும் இருக்க மனம் வராது. போன வருடம் தவக்காலத்தில் எனக்கு நானே ஒரு விதி வைத்தேன்: ஷிப்ட் மாறும் ஹேண்டோவர் நேரத்தில் அங்கில்லாத ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

மூன்றாம் நாளே சோதனை வந்தது. ஒரு பெரியவர் கையில் கேனுலா (மருந்து ஏற்றும் குழாய்) போட்ட இடம் வீங்கியிருந்தது. இரவில் போட்டது யார் என்று சார்ஜ் நர்ஸ் கேட்டார். எல்லோர் சந்தேகமும் புதிதாகச் சேர்ந்த பெண் மேல் போனது. அவள் அன்று லீவு. போட்டது நான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், என் விதியும் உடையாது, ஏனென்றால் நான் யாரைப் பற்றியும் எதுவும் பேசவில்லையே! அந்தோணியின் இறால் மாதிரியேதான். பத்து விநாடி நின்றிருப்பேன். "நான்தான் சிஸ்டர்" என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். அந்த விதியை நான் வைத்திருக்காவிட்டால் அந்தப் பத்து விநாடியைக் கவனித்தே இருக்க மாட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.

மேரியின் மகள் (சனி, பகல் 12.30)

அம்மா முப்பது வருடம் வீட்டு வேலை செய்தவர். அவர் வேலை செய்த வீடுகளில் பாதி நம் ஆட்களுடையவை. அதனால் உங்கள் பேச்சை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ஒரு வீட்டில் தவக்காலம் நாற்பது நாளும் கறி வாங்க மாட்டார்கள். பக்தியான வீடு, வாசலில் பாத்திமா மாதா படம். பெரிய வெள்ளியன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. மாத முடிவில் அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா கேட்டதற்கு, "லீவு முன்னாடியே சொல்லலியே மேரி" என்றாராம் அந்த வீட்டுக்காரம்மா. பெரிய வெள்ளி என்றைக்கு என்று அவருக்குத் தெரியாதா?

வேலை செய்தவர் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது, கொலைப் பழியோடு சேர்த்து. யாக்கோபு கடிதம் ஐந்தாம் அதிகாரத்திலும் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை மறந்துபோய்க் கறி சாப்பிட்டேன் என்று சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். மேரியின் ஒரு நாள் கூலியை யாராவது சொல்லியிருப்பார்களா?

அந்தோணி அண்ணன் "நல்லவனாக இருந்தால் போதும்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். சரி, ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் உண்டா? அவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது லீவு உண்டா?

முத்துநகர் வாத்தியார் (சனி, மாலை 4.50)

மகளே, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதை நோன்பின் கணக்கில் எழுதாதீர்கள். அந்த வீட்டில் கறி சாப்பிட்டிருந்தால் மட்டும் கூலியைக் கொடுத்திருப்பார்களா? மத்தேயு 23:23ல் ஆண்டவர் என்ன சொல்கிறார்? புதினாவுக்கும் சீரகத்துக்கும் பத்தில் ஒரு பங்கு கணக்குப் பார்க்கிறீர்கள், நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள், இவற்றையும் கடைப்பிடிக்க வேண்டும், அவற்றையும் விடக் கூடாது என்கிறார். பரிசேயரைத் திட்டும்போதுகூடப் புதினாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை.

அந்தோணி எங்கள் ஊர் மீனைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அப்பா பெரிய வெள்ளிக்கு மீனும் சேர்க்க மாட்டார், கஞ்சியும் துவையலும்தான். ஆனால் கடற்கரையின் தவத்தை நீங்கள் சட்டியில் தேடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடற்கரையில் போய்ப் பாருங்கள், கத்தோலிக்க மீனவர் வள்ளம் கரையில் கிடக்கும். சவேரியார் 1542ல் வந்ததிலிருந்து எத்தனை தலைமுறை! சனிக்கிழமை நல்ல மீன்பாடு கிடைத்து, ஞாயிறும் அதே இடத்தில் மீன் இருக்கும் என்று தெரிந்தாலும் போக மாட்டார்கள். வாரம் ஒரு நாள் வருமானம் போகும். உங்கள் ஓஎம்ஆரில் ரிலீஸ் என்று சொல்லி எத்தனை ஞாயிறு பூசையை விட்டிருக்கிறீர்கள் தம்பி?

அப்புறம், மிச்சமாகிற காசைப் பற்றி யாருமே பேசவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர் பெரிய லியோ நோன்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோதெல்லாம் ஏழைகளுக்குக் கொடுப்பதையும் சேர்த்தே பேசினார். உன் வாயிலிருந்து எடுத்தது இன்னொருவன் வாய்க்குப் போக வேண்டும். லியோ என்ற பெயரைத்தான் நம் முன்னோர்கள் சிங்கராயர் என்று ஆக்கினார்கள். எங்கள் தெருவில் நாலு சிங்கராயர் உண்டு, அதில் ஒருவர் வட்டிக்கு விடுகிறார். அது வேறு கதை.

வடக்கன்குளத்தான் (சனி, இரவு 8.05)

பெரியவர் பயிற்சி என்கிறார். சரி, எங்கள் ஊர் வடக்கன்குளத்துக் கதையைக் கேளுங்கள். 1745ல் நீலகண்டப் பிள்ளை எங்கள் ஊரில்தான் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர், கல்யாணமானவர், சாமியார் இல்லை. எல்லாச் சாதியாரோடும் சரிசமமாகப் பழகினார். 1752ல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். எல்லோரும் வேன் பிடித்து விழாவுக்குப் போய் வந்தோம்.

அதே ஊரில் 1872ல் கட்டிய கோவிலில், ஒரு சாதி ஒரு பக்கம் இன்னொரு சாதி இன்னொரு பக்கம் நின்று பூசை காண்பதற்காகக் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்திருந்தார்கள். 1910ல்தான் நடுவில் இருந்த சுவர் போனது. அத்தனை வருடமும் அந்தச் சுவருக்கு இரு பக்கமும் ஒருசந்தி இருந்தவர்கள்தானே நின்றார்கள்? சாதி பாகுபாடு பெரும் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016ல் தனிக் கொள்கையே வெளியிட வேண்டியிருந்தது. கல்யாணம் பேசும்போது முதல் கேள்வி இன்றைக்கும் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு தவக்காலத்துக்கு விட்டுப் பாருங்களேன். கறியை விடுவதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

முத்துநகர் வாத்தியார் (சனி, இரவு 8.40)

இதற்குப் பதில் இல்லை என்னிடம். என் மகள் கல்யாணத்தில் நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்.

ஆனாலும் ஒருசந்தியை விடமாட்டேன்.

குவைத் நர்ஸ் (சனி, இரவு 9.20)

அந்தோணி தம்பி, மேரியின் மகள் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓஎம்ஆர் அந்தோணி (ஞாயிறு, காலை 10.30)

நேற்றே படித்தேன். பதில் எழுதத் தொடங்கி இரண்டு முறை அழித்தேன்.

வேலைக்கு ஒரு அக்கா வருகிறார். ஆறு வருடமாக. சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடித்ததில்லை, கிறிஸ்துமஸுக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும் உண்டு. இதை எழுதிவிட்டு "பார்த்தீர்களா" என்று கேட்கத்தான் நினைத்தேன். லீவு பற்றிய கேள்வியில் கை நின்றுவிட்டது. வார லீவு என்று ஒன்று கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் வரமாட்டார், அவ்வளவுதான்.

இன்று காலை ஏழரைப் பூசைக்குக் குடும்பத்தோடு கிளம்பும்போது அவர் வந்தார். வழக்கம்போலச் சாவியைக் கையில் கொடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், கழுத்தில் கத்தோலிக்கர்கள் பக்திக்காக அணிகிற உத்தரியம். அவரும் கத்தோலிக்கர் என்று தெரியும், பெயர் ஆரோக்கியம், தெரியாமல் இருக்குமா? ஆனால் நாங்கள் பூசையில் இருக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுகிறவர் எந்தப் பூசைக்குப் போகிறார் என்று ஆறு வருடத்தில் ஒரு முறைகூடத் தோன்றவில்லை. திரும்பி வந்து கேட்டேன். "எங்க தம்பி, நாலு வீடு இருக்கே" என்றார்.

முத்துநகர் வாத்தியார் (ஞாயிறு, காலை 11.05)

சனிக்கிழமை மாலைப் பூசையும் ஞாயிறு பூசைக் கடனுக்குச் செல்லும். சட்டத்தில் இடம் இருக்கிறது. அவருக்குச் சொல்லுங்கள்.

மேரியின் மகள் (ஞாயிறு, காலை 11.20)

ஐயா, சனிக்கிழமை மாலையும் அவருக்கு நாலு வீடு இருக்கும்.

அந்தோணி அண்ணன், ஞாயிறு லீவு கொடுத்தால் சம்பளம் பிடிப்பீர்களா?

ஓஎம்ஆர் அந்தோணி (ஞாயிறு, பகல் 1.15)

பிடிக்க மாட்டேன், அவரிடம் சொல்லியாகிவிட்டது. மற்ற மூன்று வீட்டில் ஒன்று எங்கள் அன்பியத்தை, அதாவது பங்கில் எங்கள் பகுதிக் குழுவை, சேர்ந்த வீடு, அங்கே நான் பேசுகிறேன். மீதி இரண்டு வீடும் யாரென்று தெரியாது. இப்போதைக்கு எங்கள் வீட்டில் ஞாயிறு பாத்திரம் யார் கழுவுவது என்ற பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று மட்டன் குழம்பு வேறு, சட்டியில் கொழுப்பு ஒட்டியிருக்கிறது.