மூன்றும் நெகட்டிவ் என்று வந்தால் தமிழில் என்ன எழுதுவது?

பாம்பன் அக்கா (செவ்வாய் காலை)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். ஞாயிற்றுக்கிழமை சின்னப்பாலத்தில் மார்பகப் புற்றுநோய் முகாம். அங்கே கொடுக்கவேண்டிய துண்டறிக்கை வெள்ளி மத்தியானத்துக்குள் ராமநாதபுரத்தில் அச்சுக்குப் போயாக வேண்டும். மீதியெல்லாம் எழுதிவிட்டேன், ஒரே இடத்தில் நிற்கிறேன்: ட்ரிப்பிள் நெகட்டிவ். புற்றுச் செல்லில் தேடிப் பார்க்கிற மூன்று ரிசெப்டாரும் இல்லாத வகை அது, நோயே இல்லை என்பதல்ல.

ஏன் நிற்கிறேன் என்றால், போன மாதம் பாசி எடுக்கப் போகிற ஒரு அம்மா ரிப்போர்ட்டோடு வந்தார். துணிக்கடை பிளாஸ்டிக் பையில் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார், ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக. பாறை கிழித்த விரலில் பழைய சேலைத்துணி சுற்றியிருந்தது. அந்தக் கையால் ஒரு லட்டை நீட்டி, "மூணும் நெகட்டிவ்னு வந்திருச்சு சிஸ்டர், ஒண்ணும் இல்லையாம்" என்றார். கொரோனா சமயத்தில் நெகட்டிவ் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? லட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவருக்கு விஷயத்தைச் சொல்லவேண்டி வந்தது.

'எதிர்மறை' என்று போட்டாலும் அதே கதைதான் ஆகும். ரிசெப்டாருக்கு (ஹார்மோன் மாதிரி வெளியிலிருந்து வருவதைச் செல் பிடித்துக்கொள்ளும் இடம்) ஏற்பி, பாசிட்டிவுக்கு நேர்மறை, ப்ராக்னோசிஸுக்கு (நோய் இனி எப்படிப் போகும் என்பது) முன்கணிப்பு என்று போட்டிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

தொண்டி வாத்தியார் (செவ்வாய் மதியம்)

அம்மா, நல்ல காரியம். ஆனால் 'நேர்மறை' என்ற சொல்லைப் பார்த்ததும் சாப்பாடு இறங்கவில்லை. மறை என்றாலே மறுப்பு. மறுப்பில் ஏது நேரான மறுப்பு? எதிர்மறைக்கு இணை தேடிய யாரோ ஒருவர் 'எதிர்' இருந்த இடத்தில் 'நேர்' போட்டுவிட்டுப் போய்விட்டார், நாம் இன்றுவரை சுமக்கிறோம். இலக்கணத்தில் உடன்பாடு, எதிர்மறை என்றுதான் இருக்கிறது. வந்தான் உடன்பாடு, வாரான் எதிர்மறை. ஆகவே ஏற்பி உடன்பாட்டு வகை என்று எழுதுங்கள்.

அடுத்தது, இங்கே தேவை எதிர்மறையே இல்லை, இன்மை. அல் வேறு, இல் வேறு. 'இது புற்று அன்று' என்பது ஒன்று, 'இதில் ஏற்பி இல்லை' என்பது இன்னொன்று. அந்த அம்மா இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஏதிலி, நிலமிலி மாதிரி இலி சேர்த்தால் முடிந்தது: மூவேற்பியிலி. சிலர் முவ்வேற்பி என்று எழுத ஆசைப்படுவார்கள், வேண்டாம். வல்லினம் வந்தால் முத்தமிழ், முக்கனி என்று குறுகும். உயிர் வந்தால் மூவாயிரம், மூவுலகு.

கீழக்கரை காக்கா, துபாயிலிருந்து (செவ்வாய் இரவு)

சுருக்கமாக மும்மறை என்று வைத்துவிடலாம் என்று டைப் பண்ணிவிட்டு, நானே அழித்தேன். நான்மறை தெரிந்தவர்கள் நாலாவது வேதம் எங்கே என்பார்கள், எங்கள் ஊரில் திருமறை என்றால் குர்ஆன். புற்றுநோய்க்கும் அதற்கும் முடிச்சுப் போட்டால் நான் லீவில் ஊருக்கு வர முடியாது.

இன்னொரு சந்தேகம். மேல்நாட்டில் இந்த நோய்க்கு நண்டு என்று பேர் வைத்தார்கள், நாம் ஏன் கறையான் புற்றுக்குப் போனோம்? நண்டு நம்ம கரையில் இல்லாததா?

தொண்டி வாத்தியார் (செவ்வாய் இரவு)

காக்கா நல்ல கேள்வி கேட்டார். கிரேக்கத்தில் கார்கினோஸ் என்றால் நண்டு, கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டுக்கால் மாதிரி இருந்ததால் வைத்தியர் ஹிப்பாக்ரடீஸ் காலத்திலேயே வந்த பேர். வடமொழியில் கர்க்கடகம், அதே ஓசை. நமக்கு அலவன் இருக்கிறது, ஞெண்டு இருக்கிறது. ஆனால் புற்று அதைவிட நுட்பமான பேர் என்பேன். மேலே ஒரு மேடு, உள்ளே எத்தனை வழி என்று யாருக்கும் தெரியாது. அதோடு பிளவை என்ற பழைய சொல்லையும் கணக்கில் எடுத்தால்

(மீதி நாளை, கரண்ட் போய்விட்டது.)

கீழக்கரை டாக்டரம்மா (புதன் காலை)

கரண்டுக்கு நன்றி. வாத்தியார் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கிற ஆள் நான், எனக்கு 'இலி'யிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது.

மூன்று என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 என்ற வளர்ச்சி ஏற்பி. முதல் இரண்டில் 100 புற்றுச் செல்லில் ஒன்றாவது சாயம் பிடித்தால் பாசிட்டிவ் என்று எழுதுவோம், ஒன்றுக்கும் கீழே நெகட்டிவ். ஹெர்-2 வேறு கணக்கு: 0, 1, 2, 3 என்று மதிப்பெண். 3 என்றால் பாசிட்டிவ். 0, 1 நெகட்டிவ். 2 வந்தால் ரெண்டுங்கெட்டான், ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட். (இந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஃபிஷ் டெஸ்ட் என்று சொல்லிப் பாருங்கள், என்ன மீன் என்று கேட்காதவர் கிடையாது.) 1 வாங்கிய கட்டியில் ஹெர்-2 கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது, அடியோடு இல்லாமல் இல்லை. 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வுக்குப் பிறகு, பரவிய நோயில் இந்தக் 'கொஞ்சம்' இருப்பவர்களுக்கும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து பயன்படுகிறது. இலி என்று முத்திரை குத்திவிட்டால் இவர்களை எங்கே வைப்பது?

தொண்டி வாத்தியார் (புதன் காலை)

நிலமிலி என்றால் கொல்லையில் அரை சென்ட்கூட இல்லாதவன் என்றா பொருள்? வரி போடும் அளவுக்கு இல்லாதவன். அளவுகோலை வைத்தவர்கள் நீங்கள், சொல் என்ன செய்யும்?

தேவிபட்டினத்தார் (புதன் மதியம்)

மூவேற்பியிலி நீளம். மூவிலி போதும். அதைவிட முக்கியம், ஹெர்-2 என்று ஏன் கிரந்தம்? அதன் விரிவு மாந்த மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி 2. மாமேவ-2 என்று சுருக்கலாம். ஹார்மோனுக்கு இயக்குநீர். மார்பகம் என்பதும் கூச்சத்தில் பிறந்த சொல். மார்பு ஆணுக்கும் உண்டு. சங்கப் பாட்டில் முலை என்று தயங்காமல் பாடினார்கள், நாம்தான் மூடி மறைக்கிறோம்.

பாம்பன் அக்கா (புதன் மதியம்)

கூச்சம் பற்றி நீங்கள் சொல்வது சரிதான், இங்கே பலர் 'நெஞ்சுல கட்டி' என்று சொல்லி ஈசிஜி எடுக்கப் போய் நிற்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் சொல்லை அச்சில் பார்த்தால் தாளை மடித்து இடுப்பில் செருகிவிடுவார்கள், படிக்க மாட்டார்கள். மார்பகம் இருக்கட்டும். ஹெர்-2-ம் இருக்கட்டும். அவர் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் அதுதான் இருக்கிறது, மாமேவ என்று எந்த லேபிலும் எழுதித் தரப்போவதில்லை.

மண்டபம் தம்பி (புதன் மாலை)

மூவிலியைத் தேடிப் பார்த்தேன், நான் எலிவாலைத் தேடுகிறேனா என்று கணினி கேட்கிறது. போகட்டும். ரிசெப்டாருக்குக் கதவு என்று வைத்தால் என்ன? தீனி உள்ளே போகிற கதவு. டமாக்சிஃபென் மாத்திரை ஒரு கதவை அடைக்கிறது, ட்ராஸ்டுசுமாப் ஊசி இன்னொன்றை. கதவே இல்லையென்றால் அடைக்க ஒன்றும் இல்லை, அதனால் கீமோ. எங்க அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்தது.

கீழக்கரை டாக்டரம்மா (புதன் மாலை)

உவமை நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் பாதிதான் சரி. ஹெர்-2 செல்லின் சவ்வில் இருப்பது, கதவு என்று சொல்லலாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வாசலில் இல்லை, உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ளே போய் அதைத் தொட்டபிறகுதான் 'வளர்' என்று உத்தரவு பிறக்கும். டமாக்சிஃபென் செய்வது அந்த நாற்காலியில் முந்திப் போய்த் துண்டு போடுவது.

தொண்டி வாத்தியார் (புதன் மாலை)

துண்டு போடுவது! இதைத்தான் ஏற்பி என்ற சொல் சொல்கிறது. ஏல், ஏற்பு, ஏற்பி. எது வந்தாலும் ஏற்கும், அசலும் போலியும்.

பாம்பன் அக்கா (வியாழன் காலை)

இன்று விடியற்காலை கருவாடு காயப்போடும் இடத்தில் ஏழு பேரிடம் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். ஏற்பி என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். உடன்பாடு என்றதும் ஒருவர் "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்றார். முன்கணிப்புக்கு "ஜோசியமா?" மூவேற்பியிலிதான் உச்சம். காரப்பொடி மீனைப் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து, "மூணு வேப்பிலையா? அரைச்சுக் கட்டணுமா?" என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன், அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. பச்சிலை கட்டிக் கட்டி ஆறு மாதம் கழித்து வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐயா, மன்னிக்கணும், அந்தச் சொல் என் துண்டறிக்கையில் வராது.

டாக்டரம்மா, முன்கணிப்பு, அதாவது நோயின் போக்கு பற்றிய பத்தியை மட்டும் நீங்கள் சரிபார்த்துத் தர முடியுமா?

கீழக்கரை டாக்டரம்மா (வியாழன் மதியம்)

நல்ல வகை, கெட்ட வகை என்று பட்டியல் போட வேண்டாம். இப்படி எழுதுங்கள்:

ஹார்மோன் ஏற்பி உள்ள வகைதான் அதிகம், நூறில் ஏறக்குறைய 70. பெரும்பாலும் மெதுவாக வளரும், ஆனால் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் திரும்ப வரலாம், அதனால்தான் மாத்திரை 5 முதல் 10 வருஷம். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ஹெர்-2 உள்ள வகை ஒரு காலத்தில் பயந்த வகை. 1998-இல் ட்ராஸ்டுசுமாப் வந்தபிறகு நிலைமை மாறிப்போனது, ஆரம்ப நிலையில் வழக்கமாக ஒரு வருஷம் ஊசி. மூன்றும் இல்லாத வகை மேல்நாட்டில் நூறில் 10 முதல் 15, நம் நாட்டு ஆய்வுகளில் அதைவிடக் கூடுதல், இளவயதில் அதிகம். வேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாகவே கரையும். அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்து, எடுத்த திசுவில் புற்றே மிச்சமில்லை என்று வந்தால் போக்கு மிக நன்றாக இருக்கும். திரும்ப வருவதென்றால் முதல் மூன்று, ஐந்து வருஷத்தில்தான் அதிகம், அதைத் தாண்டினால் ஆபத்து நன்றாகக் குறைந்துவிடும். இதை அவசியம் போடுங்கள், யாரும் சொல்வதில்லை. சிலருக்கு நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தும் சேரும். பரம்பரையாக வருகிறதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அக்கா தங்கச்சி, மகள்மாருக்கும் அது பயன்படும்.

எந்த வகையானாலும் எந்த நிலையில் கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் பாதிக் கதை.

கீழக்கரை காக்கா (வியாழன் இரவு)

போக்குக்கு நீவாடு என்று வைக்கலாமே. கடலில் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதற்கு நம்ம ஆட்கள் சொல்வது.

பாம்பன் அக்கா (வியாழன் இரவு)

காக்கா, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நீவாடு ஒரே நாளில் மாறும். நோய்ப்போக்கு என்றே போடுகிறேன்.

முடிவாக: 'மூன்று ஏற்பிகளும் இல்லாத புற்றுநோய். உங்கள் ரிப்போர்ட்டில் இது ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று இருக்கும். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சிகிச்சை உடனே வேண்டும்.' கடைசி இரண்டு வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மண்டபம் தம்பி (வியாழன் இரவு)

சம்மதம். கதவைப் படமாகவாவது போடுங்கள் அக்கா.

தேவிபட்டினத்தார் (வியாழன் இரவு)

அது கலைச்சொல் அல்ல, வாக்கியம். ஆனாலும் நேரமில்லை, சரி.

தொண்டி வாத்தியார் (வெள்ளி காலை)

வேப்பிலைக்கு முன்னால் நான் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று இடத்தில் இன்னும் 'நேர்மறை' இருக்கிறது. 'ஏற்பி உள்ள வகை' என்று மாற்ற ஐந்து நிமிஷம் ஆகாது. அச்சகத்துக்கு நானே போன் செய்யட்டுமா?

பாம்பன் அக்கா (வெள்ளி மதியம்)

ஐயா, இப்போதுதான் பார்த்தேன். ஆயிரம் தாள் ஓட்டியாகிவிட்டது.

தொண்டி வாத்தியார் (வெள்ளி மதியம்)

அடுத்த பதிப்பு எப்போது?