சோலார் மவுண்டுக்கு ஃப்ளாஷிங் தகடு இல்லாமல் விடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள் (தார்ப் பூச்சுள்ள மெல்லிய பட்டைகள்) வேய்ந்த கூரை, போட்டு 9 வருடம் ஆகிறது. போன வாரம் சோலார் பேனலைத் தாங்கும் மவுண்ட்களை அடித்துவிட்டுப் போனார்கள். பேனல் இன்னும் ஏறவில்லை.

சனிக்கிழமை டார்ச்சோடு அட்டிக்கில் ஏறிப் பார்த்தேன். 3 இடத்தில் லேக் போல்ட் (மவுண்டைப் பிடிக்கும் தடித்த திருகு) கூரையைத் தாங்கும் ராஃப்டர் மரச்சட்டத்தில் இறங்காமல், பலகையைத் துளைத்துக்கொண்டு பளபளவென்று நீட்டிக்கொண்டிருக்கிறது! சரி என்று வெளியே வந்து பார்த்தால், எந்த மவுண்டுக்கும் அடியில் ஃப்ளாஷிங் என்கிற அலுமினியத் தகடே இல்லை. சுற்றிலும் கறுப்பு சீலன்ட்டை அப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தகட்டின் மேல் விளிம்பு மேல்வரிசை ஷிங்கிளுக்கு அடியில் செருகியிருந்தால்தானே வழிந்து வரும் தண்ணீர் துளைக்குள் போகாமல் தகட்டின் மேலேயே ஓடும்? கேட்டால், "இது பியூட்டைல் ஒட்டும் மவுண்ட், தகடு வேண்டாம்" என்கிறார் சூப்பர்வைசர். அப்படி பியூட்டைல் என்கிற பசை ரப்பரால் அடைக்கும் மவுண்டுகள் இருப்பது உண்மைதான். ஆனால் பேனல் 25 வருடம் உட்காரப்போகிற இடத்தில் பசையை மட்டும் நம்ப எனக்கு மனசு வரவில்லை.

இங்கே கூரையில் சோலார் போட்டவர்கள் சொல்லுங்கள்: தகடு வைத்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்கலாமா? இந்தக் குளிரில் ஷிங்கிளைத் தூக்கினால் அப்பளம் மாதிரி உடையுமே, வெயில் வரும்வரை பொறுப்பதா? அப்புறம் அந்த 3 துளைகள்: சீலன்ட் அடைத்தால் போதுமா, ஷிங்கிளையே மாற்றச் சொல்வதா? வியாழக்கிழமை பேனல் ஏற்ற வருகிறார்கள், அதற்குள் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.