புதுப்பிப்பு: வாலட் ஆப்பில் ஈத்தர் வரவு விடுபட்டது – தீர்வு கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கிளவுட் பிளாக்செயின் டேட்டா சேவையை வைத்துக் கட்டிய எங்கள் ஆப்பில் யூஎஸ்டிசி (டாலர் மதிப்போடு இணைந்த டோக்கன்) வரவுகள் சரியாக வந்தன. மல்டிசிக் வாலட்டிலிருந்து (பலர் ஒப்புதல் தந்தால்தான் பணம் அனுப்பும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் இயங்கும் நிரல்) வந்த ஈத்தர் (எத்தீரியத்தின் சொந்த நாணயம்) மட்டும் வரவுப் பட்டியலில் இல்லை. ஆனால் இருப்பு கூடியிருந்தது. இதுதான் என் கேள்வி.

"ஈவென்ட் லாக் போதாது, டிரேஸ் டேட்டாவை எடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ஈவென்ட் லாக் என்பது கான்ட்ராக்ட் வெளியிடும் அறிவிப்புகளின் பதிவு; டிரேஸ் என்பது ஒரு பரிவர்த்தனைக்குள் நடந்த ஒவ்வொரு காலின் (கான்ட்ராக்டுக்கான அழைப்பின்) விவரம். ஈஆர்சி-20 (எத்தீரியத்தின் டோக்கன் தரநிலை, யூஎஸ்டிசி இந்த வகை) டோக்கன் கைமாறினால் டிரான்ஸ்ஃபர் ஈவென்ட் பதிவாகும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் உள்ளிருந்து ஈத்தரை அனுப்பும்போது அப்படி ஒன்று பதிவாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வெளி டிரான்ஸாக்‌ஷனில் வேல்யூ 0 என்றுதான் இருந்தது. உள்ளே போன கால் ஒன்றில்தான் உண்மையான தொகை இருந்தது. டிரேஸை இழுத்ததும் விடுபட்டவை எல்லாம் வந்துவிட்டன.

எதிர்பாராதது ஒன்று: டிரேஸில் ரிவர்ட் ஆன (தோல்வியுற்று ரத்தான) கால்களும் தொகையோடு வருகின்றன, டெலிகேட்கால்களிலும் (வேறொரு கான்ட்ராக்டின் நிரலைக் கடன் வாங்கி இயக்கும் கால்கள், இவற்றில் பணம் நகராது) வேல்யூ தெரிகிறது. இரண்டையும் வடிகட்டாவிட்டால் வராத பணம் வந்ததாகக் காட்டும். இது ரொம்ப முக்கியம்.

வரவை உறுதி என்று காட்டுவது இப்போது ஃபைனலைஸ்டு பிளாக் (இனி மாறாது என்று உறுதியான பிளாக்) வந்த பிறகுதான். எத்தீரியத்தில் அதற்குச் சுமார் 13 நிமிடம் ஆகும். அதுவரை "நிலுவை" என்று காட்டுகிறோம்.