யூனிட் கணக்கு சரிதான், மோட்டார் கிளம்ப வேண்டுமே!

சொந்தமாக மின்சாரம் தயாரிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு கிலோவாட் சோலார் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 4 யூனிட் தரும். சிறிய ஃப்ரிட்ஜ், சில மின்விசிறிகள், எல்இடி விளக்குகள் ஆகியவற்றுக்கு அது போதும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் பேனல், 12 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டுச் சாதனங்களை இயக்கி வருபவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. எது ஓடும், எது ஓடாது என்பதை நாள் முழுவதும் சேர்ந்த யூனிட் தீர்மானிப்பதில்லை. சுவிட்சைப் போடும் நொடியில் தேவைப்படும் வாட்தான் தீர்மானிக்கிறது.

அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிவிட்டால் அது சுமார் 500 முதல் 600 வாட் வரைதான் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதோ அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். எங்கள் வீட்டில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒருமுறை உறுமியது, விளக்குகள் மங்கின, ஓவர்லோட் என்று சிவப்பு விளக்கு எரிந்தது, பீப் ஒலியோடு எல்லாம் நின்றுவிட்டது. அப்போது பேட்டரியில் முழுச் சார்ஜ் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்வெர்ட்டரைப் பெரிதாக்கினால் மட்டும் தீர்ந்துவிடாது. 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க வேண்டுமானால் பேட்டரி ஒயரில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடியாக வேண்டும். ஒயர் மெல்லியதாகவோ நீளமாகவோ இருந்தால், பேட்டரி முனையில் சரியாக இருக்கும் வோல்ட், இன்வெர்ட்டரைப் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணி இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்ளும். முனையின் நட்டு சற்றுத் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறிக் கருக்கத் தொடங்கும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக்கி, அதற்கேற்ற இன்வெர்ட்டரை வைத்தால், அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாகும். ஒயரில் வீணாகும் வெப்பம் கால் பங்காகும்.

சைக்கிள் மிதித்து மிக்ஸியை ஓட்டலாமா என்று ஆர்வத்தோடு கேட்பவர்களும் உண்டு. சாதாரண உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை கிடைக்கும். ஒரு யூனிட் சேர்க்கப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும். மிக்ஸியோ 500, 750 வாட் கேட்கும். கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றவும் ஓரிரு விளக்குகளை எரிக்கவும் அது தாராளம், உடற்பயிற்சி இலவசம்.

இஸ்திரிப் பெட்டி, கீசர் போன்றவற்றுக்குக் மோட்டாரைப்போல் கிளம்பும்போது கூடுதல் மின்னோட்டம் தேவையில்லை. ஆனால் சூடேறும் நேரம் முழுவதும் முழு வாட்டையும் உறிஞ்சுவதால் அவற்றைச் சிறிய அமைப்பில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. மாறாக, 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறியும், மெதுவாக வேகமெடுக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் கொண்ட ஃப்ரிட்ஜும் பேனலைக் கூட்டாமலேயே சுமையை இறக்கிவிடுகின்றன.

இன்வெர்ட்டர் வாங்கும்போது தொடர்ந்து தரும் வாட் எவ்வளவு, சில நொடிகளுக்குத் தாங்கும் உச்ச வாட் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெட்டியின்மீது பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் விஏ, அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண்; வாட் அல்ல. அந்த விஏவில் எவ்வளவு பங்கு வாட்டாகக் கிடைக்கும் என்பதைச் சொல்லும் திறன் காரணி 0.8 என்றால் 1000 விஏ என்பது 800 வாட் மட்டுமே.