கிருஷ்ணய்யர் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா?

புதுவக்கீல்: எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் படத்திறப்பு. அழைப்பிதழ் எழுதும் வேலை என் தலையில். கௌரவ டாக்டர் பட்டம் பெற்றவர், ‘டாக்டர்’ போட்டே ஆக வேண்டும் என்கிறார் செயலாளர். அரசியலமைப்பின் 18வது பிரிவு பட்டங்களையே ஒழித்துவிட்டது என்கிறார் ஒரு சீனியர். ‘முன்னாள் அமைச்சர்’ என்பதை எடுத்துவிடச் சொல்லி இன்னொரு கோஷ்டி. நாளை அச்சுக்குப் போக வேண்டும்.

பழைய சிரஸ்தார் (நீதிமன்றத் தலைமை எழுத்தர்): தம்பி, 18வது பிரிவை உங்கள் சீனியர் பாதியோடு நிறுத்திவிட்டார் போல. ராணுவச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. பல்கலைக்கழகம் தாராளமாகக் கொடுக்கலாம், நீதிபதி வாங்கலாம். ஆனால் கௌரவப் பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் மரபு.

அமைச்சர் என்பதை எதற்கு மறைக்க வேண்டும்? தலைச்சேரி வக்கீல், 1957இல் கேரள முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டமும் சிறைத்துறையும் பார்த்தவர். அதற்கும் முன்பே, 1948இல், தானே ஒரு மாதம் உள்ளே இருந்திருக்கிறார். 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது அரசியல்வாதி என்று மும்பை வக்கீல்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார்.

நான் ஜாமீன்தாரர் பத்திரம் சரிபார்த்த காலத்தில், வெளி மாவட்டச் சொத்து என்றாலே திருப்பி அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பியிருக்கிறேன். அப்புறம்தான் மோத்திராம் தீர்ப்பைப் படித்தேன், 1978. மோத்திராம் ஒரு கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள்; சகோதரர் முன்வந்தும் சொத்து வேறு மாவட்டம் என்று தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். சிறையை உள்ளேயிருந்து பார்த்த ஆள் எழுதிய தீர்ப்பு அது. இங்கிலீஷ்தான் கொஞ்சம் கடுமை, அகராதி பக்கத்தில் வேண்டும்.

கட்சிக்காரன்: இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கொடுத்ததும் இவர்தானே ஐயா?

பழைய சிரஸ்தார்: ஆமாம், 24 ஜூன் 1975. ஆனால் நிபந்தனையோடு. பிரதமராக இருக்கலாம், அவையில் பேசலாம், ஓட்டுப் போடக்கூடாது. மறுநாள் ராத்திரி எமர்ஜென்சி.

புதுவக்கீல்: நன்றி ஐயா. ‘நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்’, கீழே ‘வழக்கறிஞர், அமைச்சர், நீதிபதி’ என்று முடித்துவிட்டேன். செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர் என்றும் ஒரு வரி சேர்த்தேன், செயலாளரும் அங்கேதான் படித்தாராம். கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.