கீமோ மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே வாந்தி... உங்க யாருக்காச்சும் இப்படி வந்துச்சா?

மதுரைக்காரி:
எனக்கு மார்புல புத்து, 2019ல ஆப்ரேஷன் முடிஞ்சு கீமோ, மொத நாலு சைக்கிளும் அந்த செவப்பு மருந்து, டாக்சோரூபிசின், 21 நாளைக்கு ஒருக்கா. மொத ரெண்டு தடவை மருந்து ஏறுன பெறகுதான் வாந்தி, அது தெரிஞ்சதுதான். மூணாவதுக்குப் போறப்ப ஆட்டோ ஆஸ்பத்திரி தெருவுக்குத் திரும்புற முக்குலயே வயித்தப் பெரட்டுது, லிஃப்டுல ஸ்பிரிட் வாடை பட்டதும் முந்தானையிலயே எடுத்துட்டேன். நர்ஸம்மா "இன்னும் ஊசியே குத்தலையேம்மா"ங்குது, வீட்டுக்காரரு "நீயா நெனச்சுக்கிற, தைரியமா இரு"ங்கறாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு, ஆனா எனக்குக் கூசிப்போச்சு, நாலாவதுக்கு வரவே மாட்டேன்னு ராத்திரி பூரா அழுகை.

டாக்டர் அங்கயே இருந்த சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கிட்ட அனுப்புனாரு. நம்மளப் பைத்தியம்னு நெனச்சுட்டாங்களோன்னுதான் போனேன். ஒரு பேப்பர்ல தெர்மாமீட்டர் படம், 0லருந்து 10 வரைக்கும், போன வாரம் பூரா மனசு எவ்வளவு சங்கடப்பட்டுச்சுன்னு கோடு போடணும், 4 இருந்தாலே ஒக்காந்து பேசணுமாம், நான் 8ல போட்டேன். அப்புறம் கேட்டாங்க, "புளியங்காயப் பாத்தாலே வாயூறுதுல்ல?" அதே கணக்குதானாம். வாடையையும் வாந்தியையும் மூளை முடிச்சுப் போட்டு வச்சிருது, பெறகு மருந்தே வேணாம், வாடையே போதும். தைரியம் இருக்குறவங்களுக்கும் வரும். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலயே பாதி பாரம் எறங்குச்சு.

முடிச்ச அவுக்கப் பழக்குனாங்க. கால் வெரல்லருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு தசையா இறுக்கி, ஒரு அஞ்சு செகண்டு வச்சு விடணும், மூச்சு நிதானமா. இத வீட்டுல தெனம் ரெண்டு வேளை பண்ணணும், ஆஸ்பத்திரிக்குப் போயி ஆரம்பிச்சா வேலைக்காகாது. ஒடம்பு தளர்ந்த பெறகு கண்ண மூடிக்கிட்டு பைய எடுத்து வைக்கிறேன், ஆட்டோ ஏறுறேன், அந்த முக்கு, லிஃப்டுன்னு ஒவ்வொண்ணா நெனைக்கணும், பெரட்டுச்சுன்னா ஒரு படி பின்னால வந்து மறுபடி தளர்த்தணும். பத்து நாள் லிஃப்டு வரைக்கும் போகவே முடியல. முன்னாடி நாள் ராத்திரிக்கு டாக்டரும் பதட்டத்துக்கு ஒரு மாத்திரை எழுதுனாரு. நாலாவது தடவை கொமட்டல் இருந்துச்சு, வாந்தி இல்லாம சேர்ல போயி ஒக்காந்துட்டேன்.

தாமிரபரணி:
அக்கா, எங்க வீட்டுக் கதை வேற. அப்பாவுக்கு வாயில புத்து, சொன்னா ஒடைஞ்சு போயிருவாவன்னு நாங்க 'புண்ணு'ன்னே சொல்லி வச்சோம், டாக்டர்கிட்டயும் கெஞ்சுனோம். அப்பா சாப்பாட்டைக் கொறைச்சு சுவத்தப் பாத்துப் படுத்துட்டாவ. கவுன்சிலர் எங்கள வெளிய அனுப்பிட்டு "உங்களுக்கு என்னன்னு நெனைக்கீங்க, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்"னு அவுககிட்டயே கேட்டுருக்காங்க. பக்கத்துப் பெட்டுக்காரர்கிட்ட கேட்டு மூணு வாரமாவே தெரியுமாம்! நாங்க தாங்க மாட்டோம்னு அவுக பேசாம இருந்திருக்காவ. அன்னைக்கு ராத்திரி சொசைட்டிக் கடன் எவ்வளவு நிக்கி, பட்டாவ யார் பேருக்கு மாத்தணும்னு எல்லாம் பேசுனாவ, பேசி முடிச்சு கஞ்சி கேட்டாவ. அந்த மூணு வாரத்த நெனச்சா எனக்கு இன்னும் தாங்கல.

அடையாறு வாசகி:
நான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல பாத்தேன், 1954ல முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஆரம்பிச்சது. அங்க சைக்கோ ஆன்காலஜின்னு, கேன்சர் வந்தவங்க மனசப் பாத்துக்கறதுக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, நீங்க பாக்குற எடத்துலயும் இருக்கான்னு வாய்விட்டுக் கேளுங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்ச பெறகுதான் எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு, செக்கப் தேதி நெருங்கினா முதுகு வலிச்சாக்கூட எலும்புக்குப் போயிடுச்சோன்னு தூக்கம் வராது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்குறவங்க மார்புப் புத்துக்குக் குடுக்குற டாமாக்சிஃபென் மாத்திரையும் போடுறீங்கன்னா ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, பராக்செட்டின் மாதிரி சிலது டாமாக்சிஃபென்னோட வேலையக் கெடுக்கும், கெடுக்காத மாத்திரைகளும் இருக்கு. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. ராத்திரி பேச ஆளில்லன்னா 14416, கவர்மென்ட்டோட டெலி மானஸ், காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

மதுரைக்காரி:
தம்பி, அப்பா கஞ்சி கேட்டாவன்னு படிச்சு அழுதுட்டேன். எனக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு, செவப்பா ரோஸ்மில்க்க பாத்தா இன்னும் கொமட்டுது. போன மாசம் மக பர்த்டேக்கு ஒரு வாய் குடிச்சேன், உள்ளயே நின்னுச்சு.